கணையத்தில் ஒரு தடிப்பு: எம்.ஆர்.ஐ. எவ்வளவு சொல்லும்?

கணைய அழற்சியைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியதற்குப் பின் வந்த கடிதங்கள் பெரும்பாலும் கணையத்தில் தெரியும் தடிப்பு அழற்சியா, புற்றுநோயா என்ற ஒரே கவலையைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் இந்த இதழில் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். வேலூரில் ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்வதே என் வாழ்நாள் வேலை. கணையத் தடிப்பைப் போல என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது வேறெதுவும் இல்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 54. கைலி நெசவுத் தொழில். பல ஆண்டுகளாகக் கணைய அழற்சி இருக்கிறது. குடியை விட்டுவிட்டார், பீடியை விடவில்லை. இரண்டு மாதமாக எடை குறைகிறது, கண்ணில் லேசாக மஞ்சள் தெரிகிறது. சி.டி. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் 3 செ.மீ. அளவுக்குத் தடிப்பு இருப்பதாகவும், அழற்சியா புற்றுநோயா என்று அறிய எம்.ஆர்.ஐ. எடுக்கும்படியும் எழுதினார்கள். எடுத்தோம். அந்த அறிக்கையோ, ‘அழற்சிக்கே வாய்ப்பு அதிகம், புற்றுநோய் இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை’ என்கிறது. கடன் வாங்கி எடுத்த பரிசோதனை, டாக்டர் அம்மா. தெளிவாக ஒரு பதில் சொல்லக் கூடாதா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, கடன் வாங்கிப் பரிசோதனை எடுத்த வீட்டில் அந்த ஒரு வரி எவ்வளவு உறுத்தும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை எழுதிய மருத்துவர் தப்பித்துக்கொள்வதற்காக எழுதவில்லை என்பதை முதலில் நம்புங்கள். அந்த இடத்தில் உள்ள உண்மையே அப்படிப்பட்டது. ஏன் என்று சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால், அடுத்து மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. நீளம் ஏறக்குறைய ஒரு சாண்கூட இருக்காது. அதன் தலைப்பகுதியைச் சிறுகுடலின் தொடக்கம் வளைத்துப் பிடித்திருக்கிறது. ஈரலிலிருந்து வரும் பித்தக் குழாய் அந்தத் தலை வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. அதனால்தான் அங்கே தடிப்பு வந்தால், எந்தக் காரணத்தால் வந்தாலும், பித்தம் தேங்கிக் கண் மஞ்சளாகிறது. மஞ்சள் காமாலையை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், இரண்டு நோயும் ஒரே வகைத் தழும்பைத்தான் உண்டாக்குகின்றன. ஆண்டுக்கணக்கில் அழற்சி இருந்தால் கணையத்தின் மென்மையான திசு அழிந்து, அந்த இடத்தில் நார்த்திசு உறைந்துபோகிறது. கணையப் புற்றுநோயோ தன்னைச் சுற்றித் தானே கெட்டியான நார்த்திசுவைக் கட்டிக்கொண்டு வளர்கிறது. எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படத்தில் நல்ல கணையம் வயிற்றின் மற்ற உறுப்புகளைவிடப் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். அந்த வெண்மை அழற்சியிலும் மங்கும், புற்றுநோயிலும் மங்கும். கையில் ஊசி போட்டு கேடோலினியம் என்ற மருந்தைச் செலுத்திப் பார்த்தாலும், இரண்டு தடிப்பும் ரத்தத்தோடு வரும் மருந்தை மெதுவாகத்தான் வாங்கிக்கொள்கின்றன. போதாததற்கு, புற்றுநோய் கணையக் குழாயை அடைத்தால் அதற்குப் பின்னால் உள்ள கணையம் தானே அழற்சி அடைகிறது. ஒரே படத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. எதற்கு? குழாயைப் பார்க்கத்தான். என் அனுபவத்தில் தடிப்பை உற்றுப் பார்த்ததைவிட, தடிப்புக்குள் கணையக் குழாய் என்ன ஆகிறது என்று பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. பாலாறு அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகும் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு வண்டல் படிந்து தூர்ந்த இடத்தில் கால்வாய் குறுகும். ஆனாலும் நடுவில் மெல்லிய ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும். கரை சரிந்து விழுந்த இடத்திலோ தண்ணீர் சட்டென்று நின்றுவிடும். அழற்சித் தடிப்புக்குள் குழாய் பெரும்பாலும் மெலிந்து, வழவழவென்று ஊடுருவிப் போகிறது. புற்றுநோயில் வெட்டியதுபோல் நின்றுவிடுகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அழற்சித் தடிப்பு இருந்தவர்களில் 85 விழுக்காட்டினருக்குக் குழாய் இப்படி ஊடுருவிப் போனது தெரிந்தது. புற்றுநோய் இருந்தவர்களில் 4 விழுக்காட்டினருக்கே அப்படித் தெரிந்தது. குழாய்களை மட்டும் பளிச்சென்று காட்டும் எம்.ஆர்.சி.பி. என்ற முறை 1990-களில் வந்தது. ஊசியோ குழாயோ உள்ளே விடாமலே இதைப் பார்க்க முடிந்தது எங்களுக்கெல்லாம் பெரிய வரமாக இருந்தது.

அந்த இரண்டு எண்களையும் மறுபடி பாருங்கள். 85 தான், 100 அல்ல. அழற்சி நோயாளிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் குழாய் நின்றுபோய், புற்றுநோய் போலவே தோன்றியிருக்கிறது. உங்கள் அப்பாவின் அறிக்கையில் இருக்கும் ‘உறுதியாகச் சொல்வதற்கில்லை’ என்பது அங்கிருந்து வருவதுதான்.

வேறு தடயங்களும் உண்டு. குழாய் கரடுமுரடாக, கிளைகளெல்லாம் வீங்கி, உள்ளே கற்களோடு இருந்தால் அழற்சிப் பக்கம் சாயலாம். கற்களைக் காட்டுவதில் சி.டி. ஸ்கேன்தான் கெட்டி, எம்.ஆர்.ஐ.யில் அவை எளிதில் தெரியா. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். தடிப்புக்குப் பின்னால் கணையம் சுருங்கி மெலிந்து, குழாய் மட்டும் ஒரே சீராகப் பருத்திருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். குடலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயைத் தடிப்பு சுற்றி வளைத்திருந்தாலும் அப்படித்தான். திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்பதை அளக்கும் டிஃப்யூஷன் படமும் எடுக்கிறோம். செல்கள் நெருக்கியடித்து வளர்ந்த இடத்தில் அசைவு குறையும். ஆனால் கெட்டியான நார்த்திசுவிலும் குறையும். எனவே கணையத் தடிப்பைப் பொறுத்தவரை அந்தப் படத்தை மட்டும் நம்பி நான் எதையும் எழுதியதில்லை. ஈரலுக்குச் சிறு சிறு புள்ளிகளாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்க அது அருமையான படம். சி.டி.யில் தப்பிய புள்ளிகள் அதில் அகப்படும்.

இப்போது நான் உங்களைக் கெஞ்சிக் கேட்கும் ஒன்று. அப்பாவுக்குப் பல ஆண்டுகளாக அழற்சி என்கிறீர்கள். அப்படியானால் பழைய ஸ்கேன் ஒன்றாவது எடுத்திருப்பார்கள். அதைத் தேடுங்கள். பீரோ, பரண், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பை, எங்கே இருந்தாலும் தேடுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படமோ குறுந்தகடோ வேண்டும். கிடைக்காவிட்டால் எடுத்த இடத்துக்குப் போய்க் கணினியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆரணிப் பக்கத்து நெசவாளர் ஒருவருக்கு இதே போலத் தலைப்பகுதியில் தடிப்பு. வீட்டில் எல்லோரும் அழுது முடித்துவிட்டார்கள். அவருடைய மனைவி தகரப் பெட்டியின் அடியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முந்திய படத்தை எடுத்து வந்தார். அதே இடத்தில், அதே அளவில், அதே தடிப்பு. கணையப் புற்றுநோய் மூன்று ஆண்டு அசையாமல் உட்கார்ந்திருக்காது. அந்த ஒரு படம் செய்த வேலையை எந்தப் புதிய இயந்திரமும் செய்திருக்காது. நம் ஊரில் நிலப் பத்திரத்தை எப்படிப் பத்திரப்படுத்துகிறோம்! ஸ்கேன் படத்தை மட்டும் ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குகிறோம். எனக்குத் தாங்கவில்லை.

பழைய படத்தில் தடிப்பே இல்லை, இது புதிதாக வந்தது என்று தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. எடை குறைவும் மஞ்சளும் சேர்ந்திருப்பதால் எப்படியும் நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அடுத்த படி, எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்டு வைத்து, இரைப்பைக்கு உள்ளிருந்தே கணையத்தைப் பார்த்து, ஊசியால் திசு எடுப்பது. ஒன்றை நினைவில் வையுங்கள். ஊசியில் புற்றுநோய் செல் அகப்பட்டால் அது உறுதி. அகப்படாவிட்டால், ‘இல்லை’ என்று அதற்குப் பொருள் கிடையாது. நாள்பட்ட அழற்சி உள்ள கணையத்தில் ஊசி தழும்பில் மட்டுமே குத்திவிட்டு வருவதும் நடக்கிறது. சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி எடுப்பார்கள், அல்லது அறுவை சிகிச்சைக்கே போவார்கள். புற்றுநோய் என்று கருதி அறுவை செய்த தலைப்பகுதிகளில் ஒரு சிறு பங்கு கடைசியில் அழற்சியாக முடிவது உலகின் மிகச் சிறந்த மருத்துவமனைகளிலும் உண்டு. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஸ்கேன் படித்தவர், குடல்நோய் மருத்துவர், அறுவை மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புகை அழற்சியையும் வளர்க்கும், புற்றுநோய்க்கும் வழி செய்யும். ஆறு நாடுகளின் நோயாளிகளை வைத்து 1993-இல் வந்த ஆய்வின்படி, நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களில் 10 ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பேருக்கும், 20 ஆண்டுகளில் 4 பேருக்கும் புற்றுநோய் வந்தது. பெரும்பாலோருக்கு வருவதில்லை என்பதையும் இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவிடம் எதையும் மறைக்காதீர்கள். தறியில் உட்கார்ந்து குடும்பத்தைக் காத்த மனிதருக்குத் தன் உடம்பில் என்ன சந்தேகம் என்று அறியும் உரிமை உண்டு.

கேள்வி: என் மாமியாருக்குக் கணையத் தலையில் கட்டி என்று சந்தேகம். காமாலை இருப்பதால் முதலில் பித்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்துவிடலாம், எம்.ஆர்.ஐ. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகி, திருப்பத்தூர்

பதில்: அம்மா, முடிந்தால் வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: படம் முதலில், ஸ்டென்ட் பிறகு. ஸ்டென்ட் வைத்தபின் வீங்கியிருந்த பித்தக் குழாய் வடிந்து சுருங்கிவிடும். குழாய் எங்கே, எப்படி நின்றது என்ற முக்கியத் தடயம் அதோடு போய்விடும். ஸ்டென்ட் வைக்கும் எண்டோஸ்கோபியால் சிலருக்குப் புதிதாகக் கணைய அழற்சியும் வரும். அந்த வீக்கம் படத்தில் கலந்துவிட்டால் எது பழையது, எது புதியது என்று பிரிக்க முடியாது. ஓரிரு நாளில் எம்.ஆர்.ஐ. கிடைக்கும் ஊரில்தான் நாம் இருக்கிறோம்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. குளிர்காய்ச்சல், நடுக்கம், மயக்கம் இவற்றோடு காமாலை இருந்தால் தேங்கிய பித்தத்தில் கிருமி புகுந்திருக்கிறது. அப்போது ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உயிர்தான் முக்கியம், படம் அப்புறம்.

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. வலியே இல்லாமல் காமாலை வந்தது. எம்.ஆர்.ஐ. பார்த்த மருத்துவர், ‘இது புற்றுநோயாக இல்லாமல், உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கும் நோயாக இருக்கலாம், மாத்திரையிலேயே சரியாகும்’ என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரா?
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: ஆறுதலுக்காகச் சொல்லவில்லை அம்மா, அப்படி ஒரு நோய் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கே அதிகம் வருகிறது. கணையம் முழுவதும் மடிப்புகள் மறைந்து நீளமாகப் பருத்து, ஓரத்தில் மெல்லிய கறுப்பு விளிம்பு கட்டியிருப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரியும். கணையக் குழாய் பருக்காமல், நூல்போல் நீளமாகக் குறுகியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நம்பிக்கை எழும். ஏனென்றால் ஸ்டீராய்டு மாத்திரையில் இரண்டு வாரத்திலேயே அந்த வீக்கம் வடியத் தொடங்குவதைப் படத்தில் காணலாம்.

ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற புரதத்தை அளப்பார்கள். அது இயல்பைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால் இந்த நோய்க்குச் சாதகமான சான்று. ஆனால் புற்றுநோய் உள்ள சிலருக்கும் அந்தப் புரதம் ஓரளவு உயர்ந்திருக்கும். ஆகவே திசு எடுத்துப் பார்த்து, புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை என்று கண்டபின்தான் ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பின் மறுபடி படம் எடுப்பதைத் தவறவிடாதீர்கள். வீக்கம் வடியவில்லை என்றால் நோயைப் பற்றிய முடிவையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். உறவினர் சொன்னார் என்று கடையில் ஸ்டீராய்டு வாங்கிக் கொடுத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு 26 வயது. மது, புகை எதுவும் இல்லை. ஆனாலும் கணையத்தில் கற்கள், சர்க்கரை நோய். சிறு வயதில் மரவள்ளிக்கிழங்கு நிறையச் சாப்பிட்டதால் வந்தது என்கிறார்கள். இது புற்றுநோயாக மாறுமா?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ செய்த எந்தத் தவறாலும் இது வரவில்லை. வெப்பமண்டல நாடுகளில் இளையவர்களைத் தாக்கும் கணைய அழற்சி இது. 1959-இல் இந்தோனேசியாவில் முதலில் விரிவாக விவரிக்கப்பட்டது. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து எழுதினார். தமிழ்நாட்டிலும் குறைவில்லை. மரவள்ளி மீதான சந்தேகம் பழையது, ஆனால் நிரூபணம் ஆகவில்லை. கிழங்கைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் வருகிறது. பரம்பரைக் கூறுகளுக்குப் பங்கு இருப்பது பின்னால் தெரியவந்தது.

புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட உனக்கு அதிகம், உண்மைதான். அதற்காகத் தினமும் பயந்து வாழ வேண்டாம்; சில மாற்றங்களை மட்டும் கவனித்துக்கொண்டிரு. ஆண்டுக்கணக்கில் அடங்கியிருந்த வலி புதிய விதமாகத் திரும்புவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, கட்டுக்குள் இருந்த சர்க்கரை திடீரென்று ஏறுவது, கண் மஞ்சளாவது. இவற்றில் எது வந்தாலும் உடனே போ. இப்போது உடம்பு நன்றாக இருக்கும் நிலையிலேயே ஒரு நல்ல எம்.ஆர்.ஐ. எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வது பற்றி உன் மருத்துவரிடம் பேசு. நாளை எப்போதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட அது உதவும். திருமணத்துக்கும் குழந்தைக்கும் இந்த நோய் தடையில்லை. சர்க்கரையை மட்டும் முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டுவந்துவிடு.

கேள்வி: முழு உடல் பரிசோதனையில் சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனை 52 என்று வந்திருக்கிறது. 37-க்குள் இருக்க வேண்டுமாம். தூக்கமே இல்லை.
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: ஐயா, தூங்குங்கள். சி.ஏ. 19-9 என்பது கணையப் புற்றுநோயில் ரத்தத்தில் கூடும் ஒரு பொருள். ஆனால் பித்தக்கல், காமாலை, கணைய அழற்சி, ஈரல் நோய் எதிலும் அந்த எண் 37-ஐத் தாண்டலாம். நோய் எதுவும் இல்லாத சிலருக்கும் லேசாகத் தாண்டும். மறுபக்கம், நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குப் பிறவியிலேயே அந்தப் பொருள் உடலில் சுரக்காது. அவர்களுக்குப் புற்றுநோயே வந்தாலும் எண் ஏறாது. உடல்நலத்தோடு இருப்பவரிடம் கணையப் புற்றுநோயைத் தேட இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது. அதைப் பொதுப் பரிசோதனைத் தொகுப்பில் சேர்த்து விற்பது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. உங்கள் மருத்துவரைப் பார்த்து, வயிற்றை ஒரு முறை ஸ்கேன் செய்து, சில வாரம் கழித்து எண்ணை மறுபடி பாருங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறேன். அன்னாசிப் பழச்சாறு வாங்கி வரச் சொல்கிறார்கள். விளையாட்டா? கதிர்வீச்சு உண்டா? குகைக்குள் போவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: விளையாட்டு இல்லை அம்மா. குழாய்களைக் காட்டும் படத்தில் தண்ணீர் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். இரைப்பையிலும் சிறுகுடலிலும் உள்ள நீர் வெண்மையாகப் பரவினால் பின்னால் உள்ள மெல்லிய கணையக் குழாய் மறைந்துவிடும். அன்னாசிச் சாற்றைக் குடித்தால், அதில் உள்ள மாங்கனீசு அந்த நீரைப் படத்தில் கறுப்பாக்கிவிடுகிறது.

கதிர்வீச்சு கிடையாது, காந்தம்தான். இதயத்தில் பேஸ்மேக்கரோ உடம்பில் வேறு உலோகமோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். சிறுநீரகம் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஊசி மருந்தை யோசித்துத்தான் போடுவார்கள், அதனால் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிட்டுப் போங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. உள்ளே அரை மணியோ முக்கால் மணியோ ஆகும், சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். கையில் ஒரு அழைப்புப் பந்தும் இருக்கும், அமுக்கினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். ‘மூச்சை நிறுத்துங்கள்’ என்று குரல் வரும்போது நிறுத்துவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய உதவி. கணையம் மூச்சோடு மேலும் கீழும் அசையும். அசைந்தால் குழாய் கலங்கிவிடும். பதினைந்து, இருபது நொடி மூச்சை அடக்க வீட்டிலேயே பழகுங்கள். முடியாவிட்டால் அங்குள்ள டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மூச்சுக்கு ஏற்றபடி படம் எடுக்க அவர்களிடம் வேறு முறை இருக்கிறது.